ஐயாவு சொன்ன ஐந்து நாள்

ஈப்போவில் ராஜம் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. அதன் வாசலில் இருபது வருஷம் நின்று டிக்கெட் கிழித்தவர் ஐயாவு. டிக்கெட் கிழிக்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கையைத்தான் பார்ப்பார்கள். ஐயாவு கதை அப்படியில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பெரிய துரையின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட ஐயாவு பெயர் தெரிந்திருந்தது. ஒரு தமிழ்ப் படம் எத்தனை நாள் ஓடும் என்று, படம் வெளியாவதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். அவர் சொன்ன நாளில் படப்பெட்டி ஊரை விட்டுக் கிளம்பிவிடும்.

பிறந்து வளர்ந்தது புக்கிட் லாடா ரப்பர் தோட்டத்தில். இருபத்தாறு வயது வரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அறுபத்தாறாம் வருஷம் அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். ஐயாவு ஒரு தகரப் பெட்டியோடு ஈப்போவுக்கு வந்தார். தியேட்டரில் முதலில் கூட்டிப் பெருக்குகிற வேலை. அடுத்த வருஷமே வாசலுக்கு வந்துவிட்டார்.

அவருடைய வித்தை பெரிய வித்தையொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வெளியாகிற படத்தை, புதன்கிழமை காலையிலேயே பத்திரிகைக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போட்டுக் காட்டுவார்கள். ஐயாவு உள்ளே போய்த் திரைக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். முதுகு திரைக்கு, முகம் ஜனங்களுக்கு. பாட்டு வந்ததும் யார் எழுந்து சிகரெட் பிடிக்கப் போகிறான், போனவன் திரும்பி வந்தானா, கச்சாங் கடலைப் பொட்டலம் எந்த இடத்தில் சலசலக்கிறது, எந்த இடத்தில் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று பார்ப்பார். "படத்தைப் பார்த்தா நானும் ஏமாந்துருவேன்லா. ஆளுங்களைப் பார்க்கணும்" என்பார். கடைசி வரை அசையாமல் இருப்பார். மூத்திரம் முட்டினாலும் எழமாட்டார்.

ஒரு தடவை, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டி, வாசலில் வாழை மரம் கட்டி வந்த ஒரு பெரிய நடிகர் படத்துக்கு எட்டு நாள் என்றார். எல்லாரும் அடிக்காத குறைதான். எட்டாம் நாள் வாழை மரம் வாடுவதற்கு முன் படம் வாடிவிட்டது. இன்னொரு தடவை பெயர் தெரியாத புதுமுகங்கள் நடித்த படத்துக்கு இருபத்தைந்து என்றார். அது இருபத்தேழு ஓடியது. அதோடு அவர் கொடி பறக்க ஆரம்பித்தது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஈப்போவில் ஒரு தமிழ்ப் படத்தைத் தூக்கி நிறுத்துவது டவுன் ஜனம் அல்ல, தோட்டத்து லாரிகள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை லயத்து ஜனம் தலைக்கு இவ்வளவு என்று போட்டு ஒரு லாரி பிடித்து, குஞ்சு குளுவானோடு மத்தியானக் காட்சிக்கு வந்து இறங்கும். வருகிற தூரத்துக்கும் போடுகிற காசுக்கும் படம் மோசமாக இருந்தால் லாரி பிடித்தவன் கதை கந்தல். அதனால் லாரி ஏற்பாடு செய்கிறவர்கள் புதன்கிழமையே வந்து தியேட்டருக்கு எதிரே இருந்த சீனக் காப்பிக்கடையில் காத்திருப்பார்கள். ஐயாவு வந்து நாள் சொல்லுவார். பத்து நாளுக்கு மேல் என்றால் லாரி வரும். குறைவு என்றால் லாரி வராது. படம் எத்தனை நாள் ஓடும் என்று சொல்கிற வாயே அதை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐயாவுக்கும்தான்.

மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. எழுதத் தெரிந்தது கையெழுத்து மட்டும், சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டார். காப்பிக்கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி. அவர் குடித்த கோப்பிக்கு அவர் காசு கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் உடையப்பன் ஒரு படத்தோடு வந்தார்.

உடையப்பனும் புக்கிட் லாடாக்காரர்தான். ஐயாவுக்கு ஒரே லயம், அடுத்தடுத்த வீடு. தோட்டம் கைமாறிய பிறகு ஓட்டுநராகி, பத்து வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டி, சொந்தமாக ஒரு மூன்று டன் லாரி வாங்கியிருந்தார். அந்த லாரியை விற்றுவிட்டார். விற்ற காசில் ஒரு மெட்ராஸ் படத்துக்குப் பேராக் மாநில உரிமை வாங்கினார். ஈப்போவில் முதலில் போடுவது, இங்கே பத்து நாள் தாண்டினால் தைப்பிங், காம்பார் தியேட்டர்காரர்கள் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. இங்கே தாண்டாவிட்டால் அவர்கள் வேண்டாம் என்றுவிடுவார்கள். லாரியும் இல்லை, படமும் இல்லை என்று ஆகிவிடும்.

படத்தின் பெயர் 'நீலச் சிறகன்'. பகலில் கரண்டு ஆபீசில் பில் எழுதுகிற ஒரு சாது, அநியாயத்தைக் கண்டால் முகமூடி போட்டு, நீலத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிறான். அதுவரை நம் ஜனம் வெள்ளைக்காரன் பறந்துதான் பார்த்திருந்தது. தமிழன் பறந்தால் பார்க்குமா? யாருக்கும் தெரியாது. உடையப்பன் மட்டும் பார்க்கும் என்றார்.

"மச்சான், நீ பார்த்துட்டு சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும்" என்றார் ஐயாவுவிடம். "கூட்டிச் சொல்ல வேணாம். உள்ளதைச் சொல்லு."

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி. ஐயாவு வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சாது முதல் தடவை பறந்தான். இடுப்பில் கட்டிய கம்பி நன்றாகவே தெரிந்தது. ஜனம் சிரித்தது. ஐயாவும் திரும்பிப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், சிரித்தார். ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டு பறக்கிறவனைப் பற்றி எதிரே காப்பிக்கடையில் இருக்கிற ஆட்களிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருக்கு வாய் அரித்தது. ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம், ஐந்து நிமிஷம்தானே என்று எழுந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை எழுந்தார்.

காப்பிக்கடையில் லாரிக்காரர்கள் நான்கைந்து பேர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்துமலை என்பவர் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் சொல்கிற படத்துக்குத்தான் ஏழெட்டுத் தோட்டங்களில் லாரி கிளம்பும். ஐயாவுவைக் கண்டதும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஐயாவு கம்பியைப் பற்றிச் சொன்னார். சிரித்தார்கள். ஜட்டியைப் பற்றிச் சொன்னார். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம் யாரோ வாழை மரப் படத்தின் கதையைக் கேட்டார்கள். அதைச் சொன்னார். இருபத்தேழு நாள் கதையைக் கேட்டார்கள். அதையும் சொன்னார். தன் கதையைத் தானே சொல்கிற சுகம் இருக்கிறதே, அதில் இறங்கினவனுக்கு நேரம் எங்கே தெரியும்? தியேட்டர் கதவு திறந்து ஜனம் வெளியே வந்தபோது அவர் கையில் மூன்றாவது கோப்பி இருந்தது.

"அப்ப எத்தனை நாளுண்ணே?" என்று கேட்டார் பத்துமலை.

நான் முழுசாகப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் யார் என்ன செய்திருக்கப் போகிறார்கள்? சிரித்திருப்பார்கள், வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்லுங்கள் என்றிருப்பார்கள். ஆனால் ஐந்து பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு நாள்" என்றார் ஐயாவு.

"அவ்வளவுதானா?"

"அதுவே கூடலா."

லாரிக்காரர்கள் எழுந்து போனார்கள். அப்போது துரைசிங்கம் மாஸ்டர் தெருவைக் கடந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுகிறவர். அவர் நல்ல படம் என்று எழுதினால் படம் படுத்துவிடும் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

"ஐயாவு, படம் நல்லா இருக்கு. அந்தக் கடைசி இடத்தில தாயும் மகனும் சந்திக்கிற காட்சி, எனக்கே கண் கலங்கிப்போச்சு. நீர் பாத்தனீர்தானே?"

"பார்த்தேன் மாஸ்டர்" என்றார் ஐயாவு.

கடைசியாக உடையப்பன் வந்தார். செய்தி அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. கோபப்படவில்லை. எதிரே உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த இடத்துல இழுக்குது மச்சான்? சொன்னேன்னா ஆப்பரேட்டரை விட்டு வெட்டிரலாம்" என்று கேட்டார்.

"பின்பாதிதான்" என்றார் ஐயாவு. "அம்மா வர்ற இடம் கொஞ்சம் நீளம்."

பார்க்காத காட்சியை அவர் நீளம் என்றார். அன்று சாயங்காலமே உடையப்பன் அதில் பாதியை வெட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை டவுன் ஜனம் ஓரளவு வந்தது. சனிக்கிழமையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் மாஸ்டரின் விமர்சனம் அரைப்பக்கம் வந்தது. தமிழில் புது முயற்சி, குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று மனம் நிறைந்து எழுதியிருந்தார். மாஸ்டரே பாராட்டிவிட்டாரா, அப்போது சந்தேகமே இல்லை என்று காப்பிக்கடையில் சிரித்தார்கள்.

அது சம்பள ஞாயிறு. மத்தியானக் காட்சி மூன்று மணிக்கு. இரண்டு மணியிலிருந்தே உடையப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றார். சுங்கை சிப்புட் பக்கமிருந்து லாரிகள் வருகிற தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டால் இரண்டு அடி முன்னால் போவார். ஒன்று ஈய மண் ஏற்றிய லாரி. ஒன்று பலகை லாரி. மூன்றரை மணிக்கு அவர் திரும்பி ஐயாவுவைப் பார்த்தார். ஐயாவு கையில் கிழிக்க டிக்கெட் இல்லை. குறை சொல்லுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். நீ அப்போதே சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்கிற மாதிரி உடையப்பன் தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்று இரவு ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி செல்லாயி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். வெயில் என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் காட்சிக்கு முப்பது பேர்கூட இல்லை. வாசலை அடைத்துவிட்டு ஐயாவு உள்ளே போனார். சுவரோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை ஆரம்பம் முதல் கடைசி வரை அசையவில்லை.

கம்பி தெரிந்தபோது சிரித்தார்கள். இரண்டாவது தடவை பறந்தபோது சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை அவன் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தார். இரண்டாவது பாட்டுக்கு ஒருத்தன்கூட எழவில்லை. கச்சாங் விற்க உள்ளே வந்தவன் தட்டைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டான். கடைசியில் தாய் வருகிற இடம் வெட்டுப்பட்டுத் தாவியது. யார் அழுகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்றே சரியாகப் புரியவில்லை. அப்படியும் பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. எத்தனையோ படத்துக்கு எத்தனையோ ஜனத்தைப் பார்த்த கண் அது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. முப்பது நாள். வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் கூட.

ஐயாவு வெளியே வந்தார். தியேட்டர் முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் டிக்கெட் அறை வாசலில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும்.

"மாச்சாம் மானா ஐயாவு? என்ன செய்யலாம்?" என்றார். "உடையப்பன் இன்னும் ஒரு வாரம் கேக்குது. அடுத்த ஞாயிறு மத்த தோட்டத்துல சம்பளம், லாரி வரும், பாரு பாருன்னு சொல்லுது. வைக்கலாமா, தூக்கலாமா? நீ சொல்லு."

அந்த ஒரு நிமிஷத்தை ஐயாவு பிற்பாடு எத்தனை தடவை நினைத்திருப்பார் என்று கணக்கில்லை. வையுங்கள் என்றால் போதும். காப்பிக்கடைக்குப் போய்ப் பத்துமலையிடம், நான் அன்றைக்குப் பார்க்கவில்லை, இப்போதுதான் பார்த்தேன், லாரி பிடியுங்கள் என்றால் போதும். வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டலாம். தைப்பிங்கும் காம்பாரும் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் பன்னிரண்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் இந்த லட்சணம்தானா என்று கேட்பார்களே. அந்த நாற்காலி, அந்த இரண்டு பேனா, பத்துமலை எழுந்து நின்று இடம் கொடுப்பது, எல்லாம் போய்விடுமே.

ஐயாவு தலையைக் குறுக்கே ஆட்டினார்.

"ஓடாது தவுக்கே."

தவுக்கே தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று இரவுக் காட்சியோடு படம் முடிந்தது. சொன்னபடி ஐந்தாவது நாள். புதன்கிழமை காப்பிக்கடையில் ஐயாவு நுழைந்தபோது, மனுஷனுக்கு நாக்கில் மச்சம் என்றார் பத்துமலை. வாழை மரக் கதைக்கு மேலே அன்றிலிருந்து ஐந்து நாள் கதைதான் பெரிதாகச் சொல்லப்பட்டது. ஐயாவு அதைச் சொல்லமாட்டார். சொல்லாததை அடக்கம் என்று நினைத்தார்கள். பேனாவை மட்டும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டார். அது யார் கண்ணிலும் படவில்லை.

உடையப்பன் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனார். சொந்த லாரி வைத்திருந்தவர் மற்றவன் லாரியில் மூட்டை ஏற்றினார். முதுகு பிடித்துக்கொண்டது. தீபாவளிக்குத் தவறாமல் ஐயாவு வீட்டுக்கு முறுக்கு வரும். ஐயாவு அதைத் தொடாமல் செல்லாயி பக்கம் தள்ளிவிடுவார். அவர் அதற்குப் பிறகும் நாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், கடைசி வரை உட்கார்ந்து பார்த்துத்தான் சொன்னார், சொன்னது பலிக்கவும் செய்தது. அதனால் என்ன? ஆறின புண்ணா அது?

எண்பத்தாறில் தோட்டங்களில் வீடியோ வந்துவிட்டது. லாரிகள் நின்றன. தவுக்கே தியேட்டரை மூடப்போவதாகச் சொன்னார். நாள் கேட்க ஆள் இல்லாமல் போன பிறகுதான் ஐயாவுக்குத் தைரியம் வந்தது. இழக்க ஒன்றும் இல்லாதபோது வருகிற தைரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஜெலாப்பாங் போனார்.

உடையப்பன் பலகை வீட்டு வாசலில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். "வா மச்சான், வா" என்று முகமெல்லாம் மலர்ந்தது. அவர் மனைவி காளியம்மா உள்ளே தேத்தண்ணி போடப் போனாள்.

ஐயாவு சுற்றி வளைக்கவில்லை. "உடையப்பா, அன்னைக்கு உன் படத்தை நான் பார்க்கலை. கம்பியைப் பார்த்துச் சிரிச்சிட்டு எழுந்து போயிட்டேன். கோப்பிக்கடையில உக்காந்து கதை பேசிக்கிட்டிருந்தேன். அஞ்சு நாள்னு சும்மா சொன்னேன். பின்பாதி இழுக்குதுன்னதும் பொய்."

உடையப்பனுக்குக் கண் நிறைந்தது.

"என் முதுகைப் பார்த்துட்டு உனக்கு மனசு கேக்கலை. அதான் இப்படி வந்து சொல்றே" என்றார். "விடுலா. எனக்காக உன் பேரை ஏன் கெடுத்துக்கிறே? நீ பார்க்காம சொல்ற ஆளா? நான் அன்னைக்கே உன் பேச்சைக் கேட்டு ரெண்டாம் நாளே பெட்டியை மூடியிருக்கணும். கேக்காதது என் புத்தி."

"இல்ல உடையப்பா, நிஜமாத்தான்."

"சும்மா இருலா."

உடையப்பன் ஐயாவுவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். முதுகு வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன், சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

காளியம்மா தேத்தண்ணியோடு வந்து கிளாசை ஐயாவு பக்கத்தில் வைத்தாள். போகவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்குப் படம் பார்க்க வந்தவங்களுக்குக் கோப்பி சொல்ல நான்தான் அந்தக் கடைக்கு வந்தேன். பின்பக்கமா வந்தேன். நீங்க கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க. படம் உள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு."

ஐயாவு தலையைத் தூக்கவில்லை.

"ஏழு வருஷமா இவர்கிட்ட சொல்லலை. லாரி போச்சு, படம் போச்சு, முதுகும் போச்சு. இவரு இன்னமும் பெருமையா சொல்லிக்கிற ஒரே விஷயம் நீங்கதான். என் சிநேகிதன் உள்ளதை உள்ளபடி சொன்னான், நான்தான் கேக்கலைன்னு. அதையும் நான் எதுக்குப் பிடுங்கணும்? நீங்களும் பிடுங்காதீங்க. இனிமே இதைப் பேசவேணாம்."

"சரிம்மா" என்றார் ஐயாவு.

"அவ்வளவுதானே? வேற ஒண்ணும் இல்லையே?"

அந்தச் செவ்வாய்க்கிழமை தவுக்கே கேட்டது அவருக்கு வாய் வரை வந்தது. படத்தை முழுசாகப் பார்த்த பிறகு, முப்பது நாள் என்று தெரிந்த பிறகு ஓடாது என்று தலையை ஆட்டியது. அதை இவள் பார்த்திருக்கவில்லை. தவுக்கேயைத் தவிர யாருமே பார்க்கவில்லை.

"வேற ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லி ஐயாவு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.